வாடினாலும் மஞ்சளானாலும் கருகினாலும்: மருந்துக் கடைக்குப் போகும் முன் செடியில் பார்க்க வேண்டியவை

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போட்டிருக்கிறவர்கள் என் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் கையில் ஒரு கேரி பை இருக்கும். உள்ளே பறித்து நாலு மணி நேரமான ஓர் இலை. "டீச்சரம்மா, இது என்ன நோய்? எந்த மருந்து அடிக்கணும்?" என்று கேட்பார்கள். முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். ஆனால் பையில் வந்த இலையை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல முடிவதில்லை. அது செடியின் உச்சியில் இருந்ததா, அடியில் இருந்ததா? காலையில் எப்படி இருந்தது? பக்கத்துச் செடிகளுக்கும் அப்படித்தானா? இதெல்லாம் தெரியாமல் மருந்து சொன்னால் அது குருட்டாம்போக்கு.

செடியால் நகர முடியாது. வெயில், உப்புத் தண்ணீர், வறண்ட காற்று, திடீர் மழை என்று எது வந்தாலும் நின்ற இடத்தில் நின்றபடி தன் உடம்பை வைத்தே சமாளிக்கிறது. அந்தச் சமாளிப்பைத்தான் நாம் பல நேரம் நோய் என்று நினைத்துவிடுகிறோம். அதனால் எந்த உறுப்பில், எந்த நேரத்தில் மாற்றம் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடிக்கடி என்னிடம் வருகிற அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மதியம் தொங்குகிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது

இதற்கு மருந்து வேண்டாம். பங்குனி, சித்திரையில் பூசணி, பீர்க்கன், தக்காளி எல்லாம் பன்னிரண்டு மணிக்கு இலையைத் தொங்கப் போட்டுவிடும். இலைப் பரப்பில், முக்கியமாக அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற இலைத்துளைகள் இருக்கின்றன. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்க வேண்டுமானால் அவை திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும். உச்சி வெயிலில் போகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது செல்களில் நீரழுத்தம் குறைந்து இலை தளர்கிறது. தொங்கிய இலையில் வெயில் நேராக விழாது, சூடு குறையும். துளைகளும் மூடிக்கொள்ளும். வெயில் தாழ்ந்ததும் வேர் பாக்கியைக் கட்டிவிடும், இலை நிமிரும்.

விரலை மண்ணில் நாலு விரற்கடை ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலாகத் தண்ணீர் விடுகிற பழக்கம்தான் இந்த வாட்டத்தை அதிகமாக்குகிறது. ஈரம் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி விடுங்கள். செடியைச் சுற்றிக் கேழ்வரகுத் தாளோ காய்ந்த புல்லோ மூடாக்காகப் போடுங்கள்.

கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம் இதே வேலையை வேறு விதமாகச் செய்யும். இவற்றின் இலை மேல்தோலில் பெரிய பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் குறையும்போது முதலில் சுருங்குவது அவைதான், அதனால் இலை நீளவாக்கில் குழல்போல் சுருள்கிறது. மாலையில் விரிந்தால் கவலை இல்லை. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால்தான் தண்ணீர் கட்ட வேண்டும்.

விடியற்காலையிலும் தொங்குகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆவியாவது மிகக் குறைவு. இரவு முழுக்க வேர் இழுத்திருக்க வேண்டும். அப்போதும் இலை தொங்கினால் கோளாறு மண்ணிலோ வேரிலோ தண்டுக் குழாயிலோ இருக்கிறது.

மண் காய்ந்திருந்தால் விஷயம் எளிது, தண்ணீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் தண்ணீர் விடவே விடாதீர்கள். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் என் தக்காளிப் பாத்தி நாலு நாள் சேறாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் செடிகள் வாடின. வாட்டம் என்றால் தாகம் என்ற ஒரே நினைப்பில் இருந்தேன். வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டதே என்று சொட்டுநீரையும் திறந்துவிட்டேன். பாத்தியில் கால் பங்கு செடி போய்விட்டது. வேரும் மூச்சு விடுகிற உறுப்பு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்றிலிருந்துதான் ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்குச் சக்தி இல்லை, உறிஞ்சும் வேலை நின்றுவிடும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாடம், வயலில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை. அந்தச் செடிகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, மண்வாசனையோடு இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். அப்படி இருந்தால் வாய்க்காலை வெட்டி வடியவிட்டு, மேல்மண்ணைக் கிளறிக் காற்றுப் போகச் செய்யுங்கள்.

வேர் நன்றாகவே இருக்கிறது, இலையும் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் செடி திடீரென்று சரிந்துவிட்டது என்றால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகியுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாயில் வரும். தண்டின் அடிப்பகுதியில் மூன்று விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அதுவேதான். தண்ணீர் ஏறுகிற குழாயைப் பாக்டீரியா பெருகி அடைத்துவிட்டது. மேலே எதைத் தெளித்தாலும் அந்தச் செடி பிழைக்காது. பிடுங்கி எரித்துவிடுங்கள், அந்த இடத்துத் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டத்தில் அங்கே கேழ்வரகோ மக்காச்சோளமோ போடுங்கள். சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்று இந்த நோயை நன்றாகத் தாங்கும். வாடல் திரும்பத் திரும்ப வருகிற வயலுக்கு அந்தச் செலவு தகும் என்பது என் எண்ணம்.

இலை மஞ்சளாகிறது

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் போன ஆடியில் எலுமிச்சை இலையோடு வந்தான்.

"டீச்சரம்மா, ரெண்டு தடவை யூரியா போட்டுட்டேன், இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு."

"மஞ்சளானது கொழுந்தா, முத்தின இலையா தம்பி?"

"கொழுந்துதான். கீழ் இலையெல்லாம் நல்லா இருக்கு."

"நரம்பு?"

"நரம்பு மட்டும் பச்சையா, வலை பின்னின மாதிரி இருக்கு."

"அப்போ யூரியாவை நிறுத்து. உன் செடிக்கு அது கேக்கலை."

இந்த இரண்டு கேள்வியில் பாதி பதில் கிடைத்துவிடும். யூரியா கொடுக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குள் இடம் மாறக்கூடியது. குறையும்போது செடி முத்தின இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும், வீட்டில் சோறு குறைந்தால் பெரியவர்கள் தங்கள் பங்கைப் பிள்ளைகள் தட்டில் தள்ளிவிடுவதுபோல. ஆகவே தழைச்சத்துக் குறை கீழ் இலையில்தான் முதலில் தெரியும், இலை முழுக்க ஒரே மாதிரி வெளிறும். மெக்னீசியமும் இடம் மாறும். அது குறைந்தாலும் கீழ் இலைதான் முதலில், ஆனால் நரம்பு பச்சையாக நிற்கும். இரும்பு அப்படி இல்லை. ஓர் இலையில் போய்ச் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும். புதிதாக வேர் வழியாக வரவில்லை என்றால் பச்சையம் உண்டாக முடியாமல் கொழுந்து வெளுக்கும்.

செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். பிறகு எப்படிக் குறை வரும்? இரும்பு இருக்கிறது, கரையவில்லை, அதுதான் சிக்கல். சுண்ணாம்புக் கல் கலந்த நிலத்திலும், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருடக்கணக்கில் பாய்ந்த நிலத்திலும் மண்ணின் கார அமில நிலை எட்டைத் தாண்டிப் போய்விடும். அந்த நிலையில் இரும்பு வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் ஆசிட்டும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் கொழுந்தில் நனையத் தெளிக்கலாம். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். ஏற்கெனவே வெளுத்த பழைய இலை முழுசாகத் தேறாது, புதுக் கொழுந்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமானால் தொழுவுரமும் பசுந்தாளும் மண்ணில் சேர வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் சேர்த்தே பரிசோதனைக்குக் கொடுங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரித்தால் வழி சொல்வார்கள். அந்தப் பையன் மண் பரிசோதனைக்குப் போனான், யூரியாவுக்கு ஆகிற செலவும் மிச்சமானது.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

தென்னை, மா, வாழை என்று எதில் வந்தாலும் கருகல் நுனியிலும் ஓரத்திலும் தொடங்குவதைக் கவனியுங்கள். வேரிலிருந்து ஏறுகிற தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கும். நாளுக்கு நாள் சேர்ந்து அளவு மீறும்போது அந்த இடத்துச் செல்கள் செத்துப் பழுப்பாகின்றன. பூஞ்சை நோய் பெரும்பாலும் இலை நடுவில் எங்கு வேண்டுமானாலும் புள்ளியாகத் தொடங்கும், சுற்றி ஒரு மஞ்சள் வளையமும் இருக்கலாம். நுனியிலிருந்து ஒழுங்காக உள்நோக்கி வந்தால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கருகல் கண்ட மாமரத்துக்கு மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்ற சாம்பல்சத்து உரத்தைப் போடாதீர்கள். அதில் இருக்கிற குளோரைடு எரிகிற இடத்தில் எண்ணெய் விட்டதுபோல் ஆகும். சல்பேட் ஆப் பொட்டாஷ் விலை கூடுதல், ஆனால் இந்த மரங்களுக்கு அதுதான் சரி. நல்ல மழை பெய்கிற நாட்களில் மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி மழைநீரைத் தேக்கி இறக்கினால் வேர்ப் பகுதியில் இருக்கிற உப்பு கீழே கழுவப்படும். சொட்டுநீர் மட்டுமே வருடம் முழுக்க விடுகிற தோட்டத்தில் நனைகிற வட்டத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம்.

வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கிற டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் இரண்டுக்கும் தருமபுரியில் இன்னொரு தொல்லை உண்டு. நம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்த இரண்டு செடிகளும் புளோரைடைத் தாங்காதவை, அது இலை நுனியில் சேர்ந்து கருக வைக்கும். குழாயில் வருகிற காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட்டில் புளோரைடு கலந்திருக்கும், அந்தத் தொட்டிகளுக்கு அது வேண்டாம். மாடியில் ஒரு டிரம் மழைநீர் சேர்த்து வைத்தால் நாலைந்து தொட்டிக்கு வெகு நாள் வரும்.

ஓசூரில் தளதளவென்று இருந்த செடி இங்கே வந்ததும் வெளுத்துக் கொட்டுகிறது

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி கிட்டத்தட்ட அதில் பாதி உயரம்தான். அங்கே நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த இலை அகலமாக, மெல்லிசாக இருக்கும். குறைந்த வெளிச்சத்தைப் பரந்து பிடிப்பதற்கான கட்டமைப்பு அது. மேலே இருக்கிற மெழுகுப் பூச்சும் மெலிந்தது. அதை நேரே தருமபுரி மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இலை வெந்து, வெள்ளைத் திட்டு விழுந்து உதிரும்.

முழுசாக வளர்ந்த நிழல் இலையால் இனி வெயில் இலையாக மாற முடியாது. புதிதாக வருகிற இலையால் முடியும். சிறியதாக, தடிப்பாக, மெழுகு ஏறி வரும். ஆகவே முதல் வாரம் மரத்தடியில் வையுங்கள். அப்புறம் காலை வெயில் மட்டும் படும் இடம். மூன்றாம் வாரம் வெட்டவெளி. இலை உதிர்ந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கணு பச்சையாக இருந்தால் நம் ஊருக்கு ஏற்ற இலையை அது இனிமேல்தான் போடப்போகிறது.

குழித்தட்டு நாற்று நெட்டையாக, வெளிறி, சாய்ந்து வளர்வதும் வெளிச்சக் கணக்குதான். வெளிச்சம் போதாதபோது செடி இருக்கிற சத்தையெல்லாம் நீளத்தில் போட்டு மேலே தேடிப் போகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே வலையைப் படிப்படியாக விலக்கி, தண்ணீரையும் கொஞ்சம் குறைத்துக் கடினப்படுத்துங்கள்.

தக்காளி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் பாருங்கள். காம்பின் நடுவில் ஒரு முட்டி இருக்கும், பூ சரியாக அந்த இடத்தில் கழன்றிருக்கும். கருவுறாத பூவைக் கழற்றிவிடுவதற்கென்றே செடி வைத்திருக்கிற மூட்டு அது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அப்போது பூ மருந்து என்று விற்பதை வாங்கி ஊற்றுவதில் பெரிய பலன் இல்லை. சித்திரையில் பூ வராதபடி நடவு நாளைத் தள்ளி வைப்பதும், நிழல்வலை போடுவதும்தான் பலன் தரும்.

பாலிஹவுஸில் சூடு சரியாக இருந்தும் காய் பிடிக்கவில்லை என்றால் காற்று இல்லாததுதான் காரணமாக இருக்கும். தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நிற்கின்றன. ஆட்டினால்தான் மகரந்தம் உள்ளே கொட்டும். வெளியில் காற்றும், ரீங்காரத்தில் பூவை அதிர வைக்கிற கருவண்டும் அதைச் செய்கின்றன. உள்ளே நீங்கள்தான் காலை பத்து மணி வாக்கில் கொடிக் கயிற்றைத் தட்டிவிட வேண்டும்.

காய் பிடித்தபின் அதன் அடியில் கருப்பாகத் தோல்போல் காய்ந்தால் அது சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேராத குறை. சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு மட்டுமே பயணம் செய்யும். இலை நிறைய ஆவியாக்குவதால் அதற்கு நிறையப் போகும், தக்காளிக் காயின் தோலில் இலைத்துளையே கிடையாது, அதனால் அதற்குக் கிடைப்பது கொஞ்சம். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் பாய்ச்சல் என்று தண்ணீர் விட்டால் அந்தக் கொஞ்சமும் நின்றுபோகும். இலையில் தெளித்த கால்சியம் காய்க்கு இறங்கி வராது. தண்ணீரைச் சீராக விடுங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும்.

மாமரம் பூக்காமல் தளிர்க்கிறது

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மார்கழி, தையில் வருகிற கவலை இது. மாவின் கிளை நுனியில் இருக்கிற ஒரே மொட்டு பூவாகவும் மாறலாம், தளிராகவும் மாறலாம். சில மாதம் ஓய்ந்து முத்தின கிளையாக இருந்து, குளிர்ந்த இரவுகளும் வறட்சியும் சேர்ந்தால் பூ. கதகதப்பும் ஈரமும் இருந்தால் தளிர். கார்த்திகை, மார்கழியில் மழை நீண்டாலோ, பாவம் மரம் காய்கிறதே என்று நாம் தண்ணீர் கட்டினாலோ மரம் தளிர் பக்கம் போய்விடும். மழையை நிறுத்த முடியாது, நம் தண்ணீரை நிறுத்தலாம். ஐப்பசிக்குப் பின் நிறுத்திவிட்டு, காய் பட்டாணி அளவு வந்தபின் திரும்பத் தொடங்குங்கள். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து உரம் வைத்துவிட்டால் அப்போது வருகிற தளிர் மார்கழிக்குள் முத்திவிடும்.

அல்போன்சா ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கிற ரகம். பெங்களூராவும் நீலமும் ஏறக்குறைய வருடா வருடம் காய்க்கும். ரகத்தின் குணத்தை நோயாக நினைத்து மருந்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. பச்சையம் இன்னும் நிறையாத இளம் இலையை வெயிலிலிருந்து காக்கிற நிறமி அந்தச் சிவப்பு. இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் பச்சையாகி நிமிரும். பூ முழுக்க விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்பதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுக்குத்தான்.

இலை சுருள்கிறது

மிளகாயில் மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். தக்காளியில் கீழ் இலை மட்டும் தடித்து, பச்சையாகவே மேல்நோக்கி மடிந்தால் வெயிலுக்கோ கடுமையான கவாத்துக்கோ செடி செய்துகொண்ட ஏற்பாடு, காய்ப்பு கெடாது. உச்சி இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம்போல் குவிந்து, செடி குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்குவதில் தயக்கம் வேண்டாம்.

மரம் முழுக்க மொட்டையாகிவிட்டது

மாசி, பங்குனியில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில் காட்டைப் பார்த்திருப்பீர்கள், பாதி மரத்தில் இலை இருக்காது. ஆவியாக்குகிற இலையையே கழற்றிவிட்டு வறட்சியைத் தாண்டுகிற மரங்கள் அவை. உங்கள் வரப்பில் நிற்கும் சீத்தாவும் அந்த ஜாதிதான். வெட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கிளையில் நகத்தால் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள், பச்சை தொடங்குகிற இடம் வரை இறங்கிப் போங்கள். அந்த இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே மட்டும் வெட்டிவிட்டு, மீதியைக் கோடை மழை வரை தொடாதீர்கள்.